புகார் இல்லாத தெரு

அந்த நகராட்சி அலுவலகத்தில் சிவப்பு என்றால் யாருக்கும் ரத்தம் நினைவுக்கு வராது. பலகைதான் வரும்.

மாடிப்படி ஏறியதும் எதிர்ச் சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பலகை. அதில் நான்கு கட்டங்கள். குடிநீர்க் குழாய் உடைந்தால் மூன்று நாளில் சரியாக வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் இரண்டு நாள். குப்பை அள்ளவில்லை என்றால் ஒரே நாள். சாக்கடைக் குழிக்கு மூடி இல்லை என்று புகார் வந்தால் ஐந்து நாள். சொன்ன நாளுக்குள் முடித்தால் பச்சை வில்லை, இழுத்தால் மஞ்சள், தவறினால் சிவப்பு. வில்லைகள் காந்தம் வைத்தவை. தொட்டால் டப்பென்று ஒட்டிக்கொள்ளும்.

வில்லைகளை மாற்றுகிறவளுக்குப் பலகை அக்கா என்று பெயர் விழுந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆணையரிலிருந்து வாசலில் வண்டி துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயசு மூத்த தண்ணீர்ப் பிரிவுக்காரர்கூட, தன் கட்டத்தில் மஞ்சள் விழப்போகிறது என்று தெரிந்தால், "அக்கா, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று குழைவார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு எல்லாப் பிரிவுக்காரர்களும் பலகைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்பது ஆணையரின் கட்சி. சிவப்பு வாங்கியவர் ஒரு அடி முன்னால் வந்து காரணம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளை மாதிரி நரைத்த தலைகள் அங்கே நிற்கும். வில்லையை ஒட்டியது அக்கா என்பதால், திட்டு வாங்கியவர்கள் கீழே இறங்கும்போது முறைப்பது அவளைத்தான்.

சாக்கடை மூடிக் கட்டம் மட்டும் ஆறு மாதமாகச் சிவப்பிலேயே கிடந்தது. காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். பொறியாளர் இருநூறு புது மூடிகள் வரவழைத்திருந்தார். வந்தவை குழியின் வாயைவிட ஒன்றரை அங்குலம் சின்னவை. வைத்தால் நேராக உள்ளே போய்விடும். திருப்பி அனுப்பினால் அளவு கொடுத்தவர் யார் என்ற கேள்வி வரும். அதனால் கிடங்குப் பதிவேட்டில் "நல்ல நிலையில் பெறப்பட்டது" என்று எழுதிவிட்டு, அத்தனையையும் முற்றத்தில் அடுக்கிவிட்டார்கள். மத்தியானத்தில் அதன்மேல் உட்கார்ந்துதான் ஆட்கள் சோறு சாப்பிடுவார்கள். சூடு பிடித்து வைத்திருக்கும், குளிர்காலத்துக்கு நல்லது என்று ஒரு கேலி உண்டு.

அந்தக் கேலியைக் கிளப்பிவிட்டவன் நெட்டையன். சாக்கடைப் பிரிவின் மேஸ்திரி. கதவு எதுவானாலும் குனிந்துதான் நுழைவான். பலகை அக்காவின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தான். அவன் மனைவி வீட்டிலேயே தையல் போட்டாள். அவன் "அக்கா" என்றால் அவள் "அண்ணி" என்பாள். ரத்த உறவு ஒன்றும் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டே ஒட்டிப்போன உறவு, அதுதான் சில நேரம் ரத்தத்தைவிடக் கெட்டி.

ஒரு வியாழக்கிழமை நெட்டையன் படியேறி வந்து, பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, பெரிய கடைத்தெரு மூடி இன்னையோட அஞ்சு நாள். எங்கேயாவது ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துலேர்ந்து ஒண்ணைப் பெயர்த்து அங்கே போட்டுட்டா என்ன?"

அக்கா யோசித்தாள். தப்பு என்று மனசு சொன்னது. ஆனால் கடைத்தெருவில் திறந்து கிடக்கிற குழியும் தப்புதானே. புகார்ப் பதிவேடு அவளிடம்தான் இருந்தது. எந்தத் தெருவிலிருந்து எத்தனை புகார் என்று அவளைத் தவிர யாருக்கும் விரல் நுனியில் கிடையாது. புரட்டிப் பார்த்து, மூடிக் கிடக்கிற நூல் ஆலையின் பின்சந்தைச் சொன்னாள். நாய்கூடப் படுக்காத சந்து அது. மரப்பலகை ஒன்றைப் போட்டு மூடிவிட்டு, குச்சியில் சிவப்புத் துணி கட்டி நட்டுவிட வேண்டும், ஒழுங்கான மூடிகள் வந்ததும் முதல் மூடி அங்கேதான் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். மறக்காமல் இருக்க, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் இடத்தையும் தேதியையும் எழுதிக் குண்டூசி குத்தி வைத்தாள்.

புகார் வந்த இடத்தில் மூடி போட்டதற்கு ஒரு போட்டோ போதும், புகார் முடிந்தது. மூடி எங்கிருந்து வந்தது என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. கிடங்குக்காரர் தன் பங்குக்குப் "புது மூடி ஒன்று வழங்கப்பட்டது" என்று எழுதிக்கொண்டார். காகிதத்தில் எல்லாம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை மஞ்சள். அதற்கடுத்தது பச்சை. ஆணையர் நெட்டையனை முன்னால் கூப்பிட்டு, மற்ற எல்லோரையும் கைதட்டச் சொன்னார். முதல்முறையாகக் கைதட்டலுக்காக ஒரு அடி முன்னால் வந்தவன், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தான். பக்கத்து ஊர்க்காரர்கள் பலகையைப் பார்க்க வந்தார்கள். அக்கா அவர்களுக்கு விளக்கம் சொன்னாள். அவளுக்கும் கொஞ்சம் தலை நிமிர்ந்ததை இல்லை என்று சொல்ல முடியாது.

வீட்டில் அவள் கணவர் மட்டும் சிரித்தார். பஸ் கண்டக்டராக இருந்தவர், முழங்கால் போய் வீட்டோடு கிடந்தார். வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது. "சீட்டு கிழிக்காம ஏத்தின ஆளை வண்டியில ஒளிச்சு வெச்சா வண்டி காலின்னா அர்த்தம்?" என்று கேட்டார். அக்கா தட்டை ஓசைப்பட வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆளில்லாத சந்துகள் எத்தனைதான் இருக்கும்? கிடங்குச் சாலை, பழைய கொட்டகையின் பின்புறம், மயானத்து மதிலோரம் என்று எட்டு மாதத்தில் முப்பது தாள் சேர்ந்துவிட்டது. அதற்கப்புறம் ஆள் இல்லாத இடம் தீர்ந்து, ஆள் இருந்தும் சத்தம் இல்லாத இடம்தான் மிச்சம்.

மழை தொடங்கிய வாரம் மறுபடி ஒரு ஐந்தாம் நாள் வந்தது. நெட்டையன் வந்து நின்றான். அக்கா பதிவேட்டைப் புரட்டினாள். சாயப்பட்டறைக்குப் பின்னால் ஒரு தெரு. வேலை தேடி எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் வாடகைக்குக் குடியிருக்கிற வரிசை வீடுகள். வருஷம் முழுக்க அங்கிருந்து ஒரு புகாரும் இல்லை. விளக்கு, தண்ணீர், குப்பை எதற்கும் இல்லை.

"இங்கே எடு" என்றாள்.

நெட்டையன் உடனே போகவில்லை. "ஜனம் நடக்கிற தெருக்கா அது" என்றான்.

"ரெண்டு நாளைக்குத்தான். பலகை கனமா போடு. கொடி நடு."

அவன் போய்விட்டான். அவள் முப்பத்தோராவது தாளில் எழுதினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கொட்டித் தீர்த்த மழையில் அந்தத் தெருவில் முழங்காலளவு தண்ணீர். பலகை மிதந்து எங்கேயோ போயிற்று. கொடிக்குச்சியும் போயிற்று. இரண்டு மணிக்குப் பட்டறையில் முறை மாறும். வேலை முடிந்து வந்த பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். நடுவில் வந்தவளைக் காணோம். பின்னால் வந்தவள், அவள் குனிந்து செருப்பைத் தேடுகிறாள் என்று நினைத்தாளாம். நிமிரட்டும் என்று நின்றுகொண்டே இருந்தாளாம்.

அடுத்த நாள் காலையில் ஊருக்கு வெளியே சாக்கடை வாய்க்காலில் கலக்கிற இடத்தில் அவளை எடுத்தார்கள். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லை. மணிக்கட்டு வரை நீலமாக இருந்த கைகளை வைத்துத்தான் அவள் புருஷன் அடையாளம் சொன்னான்.

ஆணையர் அன்றே அறிக்கை விட்டார். மூடி திருடு போயிருக்கிறது, அந்தத் தெருவிலிருந்து நகராட்சிக்கு ஒரு புகார்கூட வரவில்லை, வந்திருந்தால் ஐந்து நாளுக்குள் மூடப்பட்டிருக்கும், பதிவேடு சாட்சி. திருட்டு என்பதைத் தவிர ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் கொடுமை.

மூடியை வண்டியில் ஏற்றியதைப் பட்டறைக் காவலாளி பார்த்திருந்தான். நெட்டையனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. பழைய இரும்புக்கு விற்றாயா என்று கேட்டார்கள். இல்லை, வேறு தெருவில் போட்டேன் என்றான். யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்டார்கள். நானாகத்தான் என்றான். அந்த வேறு தெருவில் போட்டது புது மூடி என்று கிடங்குப் பதிவேடு சொன்னது. பதிவேடு பொய் சொல்லுமா? ராத்திரியோடு ராத்திரியாக முற்றத்தில் இருந்த இருநூறு மூடிகளும் லாரி ஏறிவிட்டன. சோறு சாப்பிட உட்கார இடம் இல்லாமல் ஆட்கள் சுவரோரம் நின்று சாப்பிட்டார்கள்.

செத்தவளின் புருஷன் இறப்புச் சான்றிதழுக்கு வந்தான். வரிசையில் நின்று, எந்த மேசை என்று தெரியாமல் மாடியேறி, பலகைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான். அவனுக்குப் படிக்கத் தெரியாது போலிருக்கிறது. பச்சை வில்லைகளையே பார்த்தான். அப்புறம் அக்காவிடம் வந்து, நாங்க சொல்லாம விட்டதுதான் தப்புன்னு எல்லாரும் சொல்றாங்க என்றான். குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற தவிப்புதான்.

"புகார் குடுத்திருந்தா மூடி இருந்திருக்குமாம்மா?"

"இருந்திருக்கும்" என்றாள் அக்கா.

அவன் தலையாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனான். இனி ஆயுசுக்கும் அவன் சுமக்கப்போகிற பாரத்தைத் தன் கையால் எடுத்து அவன் தலையில் வைத்தாயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது. வேறு தெருவில் எடுத்திருப்போம் என்பதுதான் முழு உண்மை. அதை அவள் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் நெட்டையனின் மனைவி வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. விரலில் ஊசி குத்திய தடங்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள். ஸ்டேஷனில் போய்ப் பார்த்தாளாம். அடித்திருக்கிறார்கள். அக்காவை மழையில் அலைய வேண்டாம் என்று சொல்லச் சொன்னானாம்.

"உங்க பேரை அவர் சொல்லலை அண்ணி. நானும் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா உங்க கையில தாள் இருக்குன்னு அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதை மட்டும் சொல்லிட்டுப் போக வந்தேன்."

அவள் போன பிறகு அக்கா காலண்டர் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாயப்பட்டறைத் தெருக் குழியைக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். மீதி முப்பது குழிகள். அவற்றின்மேல் பலகை இருக்கிறதா, அதுவும் போயிற்றா, யார் கண்டது. தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நெட்டையன் வெளியே வருவான், அவன் இருந்த இடத்தில் அவள் போய் உட்கார வேண்டும். முழங்கால் போன மனுஷனுக்கு யார் சோறு போடுவது? கொடுக்காவிட்டால் அவன் உள்ளே கிடப்பான், குழியும் வாய் பிளந்து கிடக்கும்.

கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு அவர் கேலி பேசவில்லை. "எனக்காகன்னு ஒரு காரணத்தை மட்டும் வெச்சுக்காதே" என்றார். அவ்வளவுதான்.

அவள் வைத்துக்கொண்டாள். பயந்த மனசு ஒரு நடுவழி கண்டுபிடித்தது. முப்பது குழிக்கும் தானே புகார் எழுதிவிட்டால்? புகார் இருந்தால்தானே மூடுவார்கள்? குழி மூடினால் உயிர்ப்பழி தீர்ந்தது. நெட்டையன் விஷயம் அப்புறம் பார்க்கலாம், ஒரு வக்கீலைப் பிடிக்கலாம். நாலு நாளாக, யாரோ போனில் சொன்ன மாதிரி, மனசில் தோன்றிய பெயர்களை எல்லாம் போட்டு முப்பது புகாரைப் பதிவேட்டில் ஏற்றினாள். பால்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார், வழிப்போக்கர் என்று ஆளுக்கு ஒரு தொழிலும் கொடுத்தாள்.

ஐந்து நாள் கெடு தாண்டியதும் வந்த திங்கட்கிழமை மூடிக் கட்டத்தில் சிவப்பு வில்லையைத் தானே ஒட்டினாள். ஆணையருக்கு முகம் கறுத்துவிட்டது. ஊரே நம்மைப் பார்க்கிற நேரத்தில் முப்பது திறந்த குழியா, அடுத்த திங்கட்கிழமை இது பச்சையாக இருக்க வேண்டும், எப்படி என்று எனக்குத் தெரிய வேண்டாம் என்றார். நெட்டையனின் இடத்துக்குப் புதிதாக வந்திருந்த மேஸ்திரி ஒரு அடி முன்னால் வந்து, ஆகட்டும் ஐயா என்றான். குள்ளமானவன், துறுதுறுவென்றிருந்தான். அலுவலகத்தில் அவனைப் புதுசு என்றே கூப்பிட்டார்கள்.

அந்த வாரம் அவள் கொஞ்சம் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமைக்குள் முப்பது போட்டோ வந்துவிட்டது. ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஏழாவதில் நின்றாள். மூடியின் விளிம்பில் பல் பட்ட மாதிரி ஒரு மூளி. துருவேறிய பழைய மூடி. எட்டாவதும் பழையது. முப்பதும் பழையவை.

முற்றத்துக்கு ஓடினாள். புதுசு வண்டிச் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். மூடி எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். தன்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்திருப்பான்.

"நீங்க போட்ட பாதைதானேக்கா. முற்றத்துல யாருக்குத் தெரியாது? வாய் திறக்காத தெருவாப் பார்த்து எடுத்தோம்."

"எந்தெந்தத் தெரு?"

"ஏழு வண்டி, ஏழு பக்கம் போச்சு. அஞ்சு நாள்ல முப்பது. இதுல எழுதி வெச்சுக்கிட்டா நிப்பாங்க?" என்றான். பலகையும் கொடியும் போட்டார்களா என்று கேட்டதற்கு, போட்டிருப்பாங்க என்றான்.

முன்பு எங்கே குழி என்று அவளுக்காவது தெரியும். இப்போது யாருக்கும் தெரியாது. மேலே வந்தபோது பலகையின்முன் யாரும் இல்லை. மூடிக் கட்டத்தில் பச்சையை ஒட்ட வேண்டிய வேலை அவளுடையது. ஒட்டவில்லை. காலண்டர் தாள்களைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. மழையில் நனைந்து வந்தவளுக்குத் துண்டு கொடுக்கச் சொன்னார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். சின்ன மூடிகள் வந்தது, நெட்டையன் கேட்டது, தான் தெருவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது, சாயப்பட்டறைத் தெரு வேண்டாம் என்று அவன் தயங்கியபோது "இங்கே எடு" என்று தான் சொன்னது. தாள்களை மேசையில் பரப்பினாள். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். அப்புறம் தொப்பியை எடுத்துக்கொண்டு, வாங்க பார்த்துடலாம் என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

ஆலைப் பின்சந்தில் இறங்கினார்கள். மழையில் கழுவின மாதிரி ஒரு மூடி, குழியின் வாயில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவர் அதன்மேல் ஏறி நின்று இரண்டு தடவை காலால் மிதித்தார்.

"இது திறந்த குழியாம்மா?"

இப்போது மூடியிருக்கிறார்கள், போன வாரம் திறந்திருந்தது என்றாள். மூடியது யார் சொல்லி என்றார். புகார் வந்தது என்றாள். யார் கொடுத்த புகார்? நான்தான் பொய்ப் பெயரில் எழுதினேன் என்றாள். இந்த மூடியை வேறு எங்கேயோ பெயர்த்திருக்கிறார்கள், எந்தத் தெரு என்று தெரியவில்லை என்றும் சொன்னாள்.

கிடங்குச் சாலை, கொட்டகைப் பின்புறம், மயானத்து மதில் என்று ஏழு இடம் பார்த்தார்கள். ஏழிலும் மூடி. ஏழாவது இடத்தில் அவர் ஜீப்பைவிட்டு இறங்கவே இல்லை. பழகியவன் உள்ளே கிடக்கிறான் என்றால் மனசு கேட்காதுதான், எனக்கும் புரிகிறது என்றார். ஆனால் திறந்த குழி இல்லாமல், பொய்ப் புகார் எழுதினேன் என்று தானே ஒத்துக்கொள்கிற ஒருத்தியின் கையெழுத்தை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது, கோர்ட்டில் சிரிப்பார்கள். தாள்களை அடுக்கிக் குண்டூசியைச் சரியாகக் குத்தி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ணு செய்யுங்க" என்றார் கடைசியில். "நகராட்சி வண்டி வந்து எங்க தெரு மூடியை எடுத்துட்டுப் போச்சுன்னு, எந்தத் தெருக்காரங்களா இருந்தாலும் சரி, ஒருத்தரைச் சொல்லச் சொல்லுங்க. ஒரே ஒரு புகார். வியாழக்கிழமைக்குள்ள கிடைச்சா நான் எழுதறேன். அன்னைக்கு அவனை மறுபடி கோர்ட்டுக்குக் கொண்டுபோறோம்."

சனிக்கிழமை அலுவலகத்துக்குப் போனவளுக்கு மன உளைச்சல் என்று போட்டு ஒரு மாத விடுப்புக் கடிதம் காத்திருந்தது. பலகையில் பச்சை வில்லையை வேறு யாரோ ஒட்டியிருந்தார்கள். கொஞ்சம் கோணலாக.

வருஷம் முழுக்க ஒரு புகாரும் இல்லாத தெருக்கள் பதினொன்று. அதைச் சொல்லப் பதிவேடு வேண்டியதில்லை, அவளுக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து குடையை ஊன்றிக்கொண்டு நடந்தாள். தண்ணீர் தேங்கின இடத்தில் எல்லாம் குடை நுனியை விட்டுப் பார்த்துத்தான் அடுத்த அடி. முதல் தெருவில் குழி இல்லை. இரண்டாவது தெருவில் கதவையே திறக்கவில்லை. மூன்றாவதில் ஒரு குழி இருந்தது, ஓரமாகத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தவருக்குக் காது கேட்கவில்லை, வீட்டில் மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். திங்களும் செவ்வாயும் இப்படியே போயிற்று. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பார்த்தார்கள், ஒரே மாதிரி தெரியாது என்றார்கள். புதன்கிழமை மத்தியானம் காய்கறிக் கிடங்குக்குப் பின்னால், மூட்டை தூக்குகிறவர்கள் குடியிருக்கிற தெருவுக்கு வந்தாள்.

மூன்றாவது வீட்டுக்கு முன்னால் உடைந்த கதவு ஒன்று தரையில் கிடந்தது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கதவின் இடுக்கு வழியாகக் கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. வாசலில் ஒரு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இது எப்போது திறந்தது என்று அக்கா கேட்டாள். அந்தப் பெண் முதலில் அவள் செருப்பைப் பார்த்தாள், அப்புறம் குடையை, அப்புறம் கைப்பையை. ஆபீஸ் ஆள் என்று தெரிந்துவிட்டது. அது அப்படித்தாங்க இருக்கு என்றாள்.

அக்கா ஈரத் தரையிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சாயம் படிந்த கைகளோடு செத்தவளைப் பற்றிச் சொன்னாள். ஒரு தப்பும் செய்யாமல் சொன்ன பேச்சைக் கேட்டவன் உள்ளே கிடப்பதைச் சொன்னாள். அவன் பெண்டாட்டி தையல் மிஷினை விற்றுவிட்டதைச் சொன்னாள். தப்பு செய்தது தான் என்பதையும் சொன்னாள். எழுதத் தெரியாவிட்டால் பரவாயில்லை, நானே எழுதுகிறேன், ஒரு கைநாட்டு வைத்தால் போதும், நாளைக்குக் காலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றாள். கையெடுத்துக் கும்பிடவும் செய்தாள்.

அந்தப் பெண் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"முன்னாடி இருந்த தெருவில இவரு தண்ணி வரலைன்னு எழுதிக் குடுத்தாருங்க. விசாரிக்க வந்தவங்க வீட்டுக்குக் காகிதம் எங்கேன்னு கேட்டாங்க. காகிதம் இல்லாத வீடுன்னு எட்டு வீட்டையும் இடிச்சிட்டாங்க. எங்களாலதான்னு அந்த ஏழு வீட்டுக்காரங்க இன்னைக்கு வரைக்கும் பேசறதில்லை." கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க. நாங்க பார்த்து நடந்துக்கறோம்."

அக்காவுக்கு இன்னும் இரண்டு தெரு பாக்கி இருந்தது. வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்திருக்க முடியாமல் தரையில் கை ஊன்றியபோது அந்தப் பெண்ணே கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். குடையை எடுத்துக் கொடுத்தாள். அக்கா வந்த வழியே திரும்பப் பார்த்ததும், சட்டென்று அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தப் பக்கம் வேண்டாம்மா. அங்கே இன்னொண்ணு இருக்கு, தண்ணியில தெரியாது" என்றாள். கையை விடாமல் சுவரோரமாகவே, ஒவ்வொரு அடியாக, அவளைத் தெருமுனை வரை நடத்திக்கொண்டு போய் விட்டுவிட்டுத் திரும்பினாள்.